விசிறிக்குள் நின்ற குழந்தை

கருங்கல்மேட்டில் டாக்டர் சௌந்தரநாயகியின் ஸ்கேன் சென்டருக்குப் புது மெஷின் வந்து இறங்கிய மாதம், சுற்றுத் தெருக்களில் விசைத்தறிகள் எப்போதும்போல் ஓடிக்கொண்டிருந்தன, சாயப்பட்டறைத் தண்ணீர் எப்போதும்போல் ஊதா நிறத்தில் வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தது, கர்ப்பிணிகள் எப்போதும்போல் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்துவிட்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் முறைக்காகக் காத்திருந்தார்கள். இருபத்து மூன்று வருஷமாகத் திரையில் விசிறிபோல் விரியும் சாம்பல் மூட்டத்தைத் தன் கண்ணால் மட்டுமே பார்த்து, இது தலை, இது முதுகெலும்பு, இது இதயம் என்று சொல்லிவந்த டாக்டரம்மாவுக்குப் பக்கத்தில் இனி இன்னொருவர் உட்கார்ந்து பார்ப்பார் என்று கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். அதற்கு ஏஐ என்று பெயர். ஊர்க்காரர்கள் அதைப் பெட்டி என்றே கூப்பிட்டார்கள். பெட்டி எங்கெங்கோ இருந்த லட்சக்கணக்கான குழந்தைகளின் ஸ்கேன் படங்களைப் பார்த்துப் படித்த பெட்டி. சரியாக இருக்கிற உறுப்பைச் சுற்றிப் பச்சைக் கட்டம் போடும், சரியில்லாத உறுப்பைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டு, எவ்வளவு சந்தேகம் என்பதை நூற்றுக்கு இத்தனை என்று ஓரத்தில் எழுதும்.

தறிகளுக்கு நூல் சுற்றிக் கொடுக்கும் வேலை பார்த்த கோகிலாமணி ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு வந்தபோது பெட்டி வந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. கல்யாணமாகி நான்கு வருஷத்துக்குப் பிறகு நின்ற கரு. குழந்தை சுருண்டு கிடந்ததால் டாக்டரம்மா அவளை மூன்று தடவை எழுப்பி வராந்தாவில் நடக்கச் சொன்னார், உதவியாளர் ரெஜினா வாங்கிவந்த மாம்பழ ஜூஸைக் குடிக்கச் சொன்னார், கடைசியில் கிடைத்த கோணத்தில் பார்த்துவிடலாம் என்று கருவியை வயிற்றில் அழுத்தினார். பெட்டி தலைக்குப் பச்சை போட்டது, முதுகுக்குப் பச்சை போட்டது, கைகால்களுக்குப் பச்சை போட்டது, இதயத்துக்கு வந்ததும் சிவப்பைப் போட்டு எழுதியது: இடப்பக்கம் வளரவில்லை, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று.

டாக்டரம்மாவின் கண்ணுக்கு அது விலா எலும்பின் நிழல்போலத்தான் பட்டது. ஆனால் அந்த இருபத்து மூன்று வருஷத்தில் இரண்டு முறை அவர் கண் தவறியிருக்கிறது, அந்த இரண்டு தாய்மாரும் இன்றைக்கும் கடைவீதியில் அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். பெட்டியோடு சேர்ந்து தவறினால் யாரும் கேட்க மாட்டார்கள், பெட்டி சொல்லியும் கேளாமல் தவறினால் ஊர் தன்னை என்ன கேட்கும் என்று யோசித்தபடியே, பெட்டி சொன்னதை அப்படியே அறிக்கையில் எழுதி, கீழே ஒரு வரி சேர்த்தார்: கோயம்புத்தூரில் குழந்தைகள் இதய மருத்துவரிடம் காட்டவும்.

கோயம்புத்தூர் டாக்டரிடம் பதினேழு நாள் கழித்துத்தான் முறை கிடைத்தது. அதற்குள் கருவைக் கலைக்கச் சட்டம் விடும் வாரக்கணக்குத் தாண்டிவிடும், தாண்டினால் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் குழு முன்னால் போய் நிற்கவேண்டும், அவர்கள் எப்போது கூடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது என்றார்கள். கோகிலாமணியின் கணவன் நாச்சிமுத்து தறி ரிப்பேர் பார்க்கும் ஃபிட்டர். அவனுடைய அக்கா மகனுக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு; உதடு நீலமாகவே வளர்ந்த அந்தப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவன் நாச்சிமுத்துதான், ஏழாவது வயதில் ஒரு வராந்தாவில் அந்தப் பையன் மூச்சை விட்டதும் அவன் தோளில்தான். அதனால் தொண்ணூற்றொன்று என்ற எண்ணைக் கேட்டதும் மிச்சம் ஒன்பது இருக்கிறது என்பது அவன் காதில் விழவே இல்லை. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் படிவத்தை நீட்டினார்கள். அவன் முதலில் கையெழுத்துப் போட்டான். அவன் பெயருக்குக் கீழே ஓர் இடம் காலியாக இருந்தது. கோகிலாமணி அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு அந்த இடத்தை நிரப்பினாள்.

கரு கலைத்த பதினைந்தாம் நாள், வயிற்றில் ஏதும் தங்கியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக அவளை மறுபடி ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். அது செவ்வாய்க்கிழமை. டாக்டரம்மா கருவியை வைத்ததும் திரையில் குழந்தை தெரிந்தது. இருந்திருந்தால் எத்தனை வாரமோ அத்தனை வார வளர்ச்சி, விரலைச் சூப்பிக்கொண்டு, காலை மடக்கி உதைத்துக்கொண்டு, குதிரை ஓடுவதுபோல் இதயம் அடிக்க. பெட்டி அதன் தலையை அளந்தது, தொடை எலும்பை அளந்தது, எல்லாவற்றுக்கும் பச்சை போட்டது, இதயத்துக்கு வந்து அதற்கும் பச்சை போட்டு, சந்தேகம் நூற்றுக்கு ஒன்று என்று எழுதியது. டாக்டரம்மா மெஷினை அணைத்துப் போட்டார், ரெஜினா ஒயரைப் பிடுங்கிச் செருகினாள், குழந்தை அங்கேயே இருந்தது. டாக்டரம்மா கையால் வயிற்றை அழுத்திப் பார்த்தார். வயிறு காலி.

"என்னுங்க டாக்டரம்மா, பழைய படமுங்களா?" என்றாள் கோகிலாமணி.

"பழைய படம் இல்லைம்மா. ரெண்டு வாரம் வளர்ந்திருக்கு."

"இதயம்?"

டாக்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நல்லாருக்கு" என்றார்.

கோகிலாமணி எழுந்து வயிற்றில் தடவியிருந்த ஜெல்லைத் துடைத்துக்கொண்டாள், ரெஜினா படத்தை அச்செடுத்து ஃபைலில் வைத்துக் கொடுத்தாள், வெளியே காத்திருந்த அடுத்த பெண் உள்ளே வந்தாள். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை கோகிலாமணி யாரும் சொல்லாமலே வந்து வரிசையில் உட்கார்ந்தாள்.

அப்படித்தான் அது ஊருக்குத் தெரிந்தது. தறிப்பட்டறைப் பெண்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து எட்டிப்பார்த்தார்கள், பார்த்துவிட்டு மூக்கு யாரை உரித்து வைத்திருக்கிறது என்று பேசிக்கொண்டே போனார்கள். ஏழாம் மாதம் பிறந்ததும் வளைகாப்பு போடுவதா வேண்டாமா என்று தெருவில் பேச்சு வந்தது. கலைத்த வயிற்றுக்கு வளைகாப்பு கிடையாது என்று சிலரும், வளரும் குழந்தைக்கு உண்டு என்று சிலரும் சொன்னார்கள். சோறு வகைகளைத் தாய் முன்னால் வைப்பதா மெஷின் முன்னால் வைப்பதா என்பதில் இன்னும் ஒரு வாரம் போயிற்று. கடைசியில் ஸ்கேன் சென்டரிலேயே, நோயாளிகள் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோகிலாமணியைக் கட்டிலில் படுக்கவைத்து, ஒருவர் கருவியைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் வளையல் போட்டார்கள். குழந்தை வளையல் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பியது. பிரசவத் தேதியன்று காலையிலிருந்து தெருவே காத்திருந்தது. குழந்தை பிறக்கவில்லை, பிறக்க அதற்கு வழியும் இல்லை. அது ஒரு கொட்டாவி விட்டுவிட்டு அந்தச் சாம்பல் விசிறிக்குள்ளேயே தொடர்ந்து வளர்ந்தது. ஆறாம் மாதம் உட்கார்ந்தது, பத்தாம் மாதம் விசிறியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது, ஒரு வயதில் நடந்தது.

ஆணா பெண்ணா என்று எல்லோரும் கேட்டார்கள். டாக்டரம்மா சொல்லவில்லை. பிறக்காத குழந்தை ஆணா பெண்ணா என்று சொன்னால் ஜெயில் என்பது சட்டம், சுவரில் அந்த அறிவிப்பு பெரிய எழுத்தில் மாட்டியிருந்தது, இந்தக் குழந்தை இன்னும் பிறக்கவில்லை. அதனால் குழந்தை நிற்கும்போதும் நடக்கும்போதும் ரெஜினா திரையில் அந்த இடத்தைத் தன் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டே நின்றாள், குழந்தை நகர நகர அவள் கையும் நகர்ந்தது. கோகிலாமணி எதற்கும் பொருந்தட்டும் என்று தங்கம் என்று பெயர் வைத்தாள்.

அங்கன்வாடி டீச்சர் அமுதவல்லி கண்டிப்பானவள். தன் எல்லைக்குள் வளரும் எந்தக் குழந்தையும் விட்டுப்போகக் கூடாது என்று மாதாமாதம் வந்து, பெட்டி காட்டும் உயரத்தையும் எடையையும் பதிவேட்டில் ஏற்றி, சத்துமாவுப் பொட்டலத்தைக் கோகிலாமணியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். வயதுக்கேற்ற எடை இருக்கிறது என்று ஒருமுறை பாராட்டியும் எழுதினாள். கோகிலாமணி மாவைக் கரைத்துத் தானே குடித்தாள். அப்படிக் குடித்தால் போய்ச் சேரும் என்று தெருவில் சொன்னார்கள், சேர்ந்ததுபோலத்தான் தங்கத்தின் கன்னமும் உருண்டது.

நாச்சிமுத்து மட்டும் வரவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் அவன் பழுதில்லாத தறியையும் கழற்றிப் போட்டுப் பூட்டிக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்ததும் கோகிலாமணி தங்கத்துக்குப் பல் முளைத்ததையும், தங்கம் கையை ஆட்டியதையும் சொல்லுவாள், அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்பான். ஒருமுறை மட்டும், "உதடு என்ன கலருல இருக்குது?" என்று கேட்டான். திரையில் கலர் தெரியாது என்று அவள் சொன்னதும் கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டான்.

பெட்டி வந்த அந்த ஒரு வருஷத்தில் சிவப்புக் கட்டம் பார்த்துக் கலைத்தவர்கள் கருங்கல்மேட்டில் இன்னும் ஒன்பது பேர் இருந்தார்கள். கொஞ்ச காலம் வராமலிருந்தவர்கள், தங்கம் நடக்க ஆரம்பித்த பிறகு ஒவ்வொருவராக வந்து கட்டிலில் படுத்தார்கள். ஒன்பது பேருக்கும் திரையில் சாம்பல் மூட்டம் மட்டும் விரிந்தது. அதை அவர்கள் ஒரு தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள்: தங்கம் நிற்கிறது என்றால் தங்கத்துக்குக் கோளாறு இல்லை, நம் குழந்தை நிற்கவில்லை என்றால் நம் குழந்தைக்குப் பெட்டி சொன்னது சரி. நாகரத்தினம் என்ற பெண் கட்டிலை விட்டு இறங்கும்போது கலைத்த நாளிலிருந்து முதல் தடவையாக முகம் தெளிந்திருந்தாள். வெளியே உட்கார்ந்திருந்த கோகிலாமணியின் கையைப் பிடித்து, "எனக்கு ஒண்ணுமே தெரியலக்கா. நல்லவேளை" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அந்த ஒன்பது பேரும் கோகிலாமணியைக் கண்டால் கொஞ்சம் இரக்கத்தோடு பார்க்கத் தொடங்கினார்கள், அந்த இரக்கத்தைத் தாங்குவது அவளுக்கு மற்ற எதையும்விடக் கஷ்டமாக இருந்தது.

விஷயம் கம்பெனிக்குப் போய், கம்பெனியிலிருந்து ஓர் ஆணும் பெண்ணும் வந்தார்கள். இருவரும் சின்ன வயது, மரியாதையானவர்கள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். திரையில் தங்கம் ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தும் அவர்கள் அதிசயப்படவில்லை, பெட்டியைத் திறந்து பழைய படங்களைத் தங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டார்கள். பிறகு அந்தப் பெண் கோகிலாமணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினாள். குழந்தை சுருண்டு கிடந்ததால் விலா எலும்பின் நிழல் இதயத்தின் மேல் விழுந்திருக்கிறது, அந்தக் கோணத்தில் விழும் நிழலை அப்போது பெட்டி அவ்வளவாகப் பார்த்ததில்லை, இப்போது நிறையப் பார்த்துவிட்டது, இன்றைக்கு அதே படத்தைக் காட்டினால் சந்தேகம் நூற்றுக்கு நான்கு என்றுதான் சொல்லும்.

"உங்க குழந்தையோட படத்தாலதாங்க இதைக் கண்டுபிடிச்சோம். இனிமே எத்தனையோ ஊர்ல எத்தனையோ குழந்தைங்களைச் சரியாப் பார்க்கும்."

"அது படிக்கறதுக்கு என் புள்ளதான் கெடச்சுதுங்களா?" என்று கோகிலாமணி கேட்டாள். சண்டை போடும் குரலில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அந்தப் பெண் தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த ஆண் டாக்டரம்மாவைத் தனியாக அழைத்து வேறொன்று சொன்னான். மற்ற ஒன்பது படங்களையும் புதிதாகப் போட்டுப் பார்த்ததில் ஆறு சிவப்பாகவே இருக்கின்றன, மூன்று பச்சையாகிவிட்டன. எந்த மூன்று என்று அவன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு, கிழித்து, வாஷ்பேசினில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டார். அந்த மூன்றில் ஒன்று நாகரத்தினத்தின் குழந்தை. அன்றிலிருந்து டாக்டரம்மா கடைவீதிக்குப் போவதை விட்டுவிட்டார்.

தங்கத்துக்கு மூன்றரை வயது ஓடும்போது கோகிலாமணிக்கு மறுபடி நாள் தள்ளிப்போனது. இரண்டாவது குழந்தையைப் பார்க்க டாக்டரம்மா கருவியை வைத்தார். திரையில் தங்கம்தான் நின்றது. அதுவரை எப்போதும் முகத்தைக் காட்டி, கையை ஆட்டி, வாயசைத்து ஏதோ சொல்லும் தங்கம், அன்றைக்கு முதுகைக் காட்டி, இரண்டு கைகளையும் அகலமாக விரித்து நின்றது. கருவியை இடப்பக்கம் கொண்டுபோனால் இடப்பக்கம் ஓடிவந்து நின்றது, வலப்பக்கம் கொண்டுபோனால் வலப்பக்கம் ஓடிவந்து நின்றது. அதன் தோளுக்குப் பின்னால் ஏதோ சின்னதாக அசைவது தெரிந்தது, அது என்ன என்று பெட்டிக்கும் தெரியவில்லை, டாக்டரம்மாவுக்கும் தெரியவில்லை. அடுத்த மாதமும் அப்படியே. ஈரோட்டுக்குக் கூட்டிப்போய் வேறொரு மெஷினில் பார்த்தார்கள். அங்கே திரை முழுவதும் இரண்டு சின்ன உள்ளங்கைகள் மட்டும் கண்ணாடியில் ஒட்டியதுபோல் தெரிந்தன.

ஊர் இதையும் பேசித் தீர்த்துக்கொண்டது. மூத்தது சின்னதைக் காப்பாற்றுகிறது, யாரும் கை வைக்கவேண்டாம், பெற்றுக்கொள்ளட்டும் என்றார்கள். கோகிலாமணிக்கும் அதுவே சரியென்று பட்டது. ஆனால் ஐந்தாம் மாதம் டாக்டரம்மா அவள் வயிற்றில் காதை வைக்காத குறையாகக் குனிந்து, இதயத்துடிப்பு கேட்கும் வெறும் குழல் ஒன்றை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"கோகிலா, எனக்கு இதைப் பார்க்கணும்மா."

"தங்கம் விடமாட்டேங்குதுங்களே."

"நீ சொன்னா கேக்கும். தள்ளிக்கச் சொல்லு."

"அது ஏன் மறைக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியும்" என்றார் டாக்டரம்மா. "என்கிட்டயிருந்துதான் மறைக்குது. நான் செஞ்சதுக்கு அது செய்யறது சரிதான். ஆனா உள்ள இருக்கறதுக்கு நெஜமாவே ஏதாவது இருந்து, பொறக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சா, காப்பாத்தலாம். தெரியாமப் பொறந்தா இந்த ஊர்ல நம்மால முடியாது. பெட்டி சொல்றதை விடு. நான் என் கண்ணால பார்க்கறேன். இந்தத் தடவை என் கண்ணு சொல்றதைத்தான் எழுதுவேன்."

கோகிலாமணி சொன்னாள். ஒரு செவ்வாய்க்கிழமை கொஞ்சிச் சொன்னாள், அடுத்த செவ்வாய்க்கிழமை அதட்டிச் சொன்னாள், மூன்றாவது செவ்வாய்க்கிழமை அழுதுகொண்டே சொன்னாள். மூன்று தடவையும் தங்கம் திரும்பாமலே மாட்டேன் என்று தலையை ஆட்டியது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவள் நாச்சிமுத்துவிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நாளைக்கு நான் வர்றேன்" என்றான்.

அவன் வருகிறான் என்று தெரிந்து தறிப்பட்டறைகளில் பாதித் தறி நின்றுவிட்டது. கையில் ஆயில் கறையோடு வந்தவன் ஸ்கேன் அறை வாசலில் நின்று கறையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தான். திரையில் தங்கத்தின் முதுகு தெரிந்தது, கழுத்து தெரிந்தது, விரித்த கைகளின் விரல்கள் பத்தும் தெரிந்தன. நாலு வருஷமாகக் காதால் மட்டும் கேட்டு வளர்த்த குழந்தையை அவன் அப்போதுதான் பார்த்தான். ரெஜினா நாற்காலியை இழுத்துப் போட்டாள், அவன் உட்காரவில்லை, திரைக்கு முன்னால் தரையில் முழங்காலிட்டான்.

"சாமி, நான் அப்பன் பேசறேன்" என்றான். "மொதல்ல கையெழுத்துப் போட்டது நாந்தான். உங்கம்மா எம் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் போட்டா. டாக்டரம்மா மேலயும் தப்பில்ல, அவங்க கோயம்புத்தூர் போகச் சொன்னாங்க. எனக்குப் பயம். அத்தை பையன் ஒருத்தன் இருந்தான், அவன நீ பாத்ததில்ல. அந்த மாதிரி உன்னையும் தோள்ல போட்டுக்கிட்டு நடக்க எனக்குத் தெம்பில்லாமப் போச்சு. உனக்கு ஒண்ணுமில்லைன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது." அவன் திரைக்கு இன்னும் கிட்டே நகர்ந்தான். "இதுக்கு என்ன இருந்தாலும் நான் கையெழுத்துப் போடமாட்டேன். அந்த ஆண்டவனே நீட்டினாலும் போடமாட்டேன். தோள்ல போட்டுக்கிட்டு நடக்கறேன். நீ கொஞ்சம் தள்ளிக்க சாமி. இதையாவது பாக்கட்டும்."

தங்கம் திரும்பியது. அவனை அது பார்த்த நேரத்தைச் சிலர் ஒரு நிமிஷம் என்றார்கள், ரெஜினா அதற்கும் மேலே என்றாள். பிறகு விரித்த கைகளைக் கீழே இறக்கிவிட்டு, நடந்து, விசிறியின் ஓரத்துக்குப் போய், அந்த ஓரத்தையும் தாண்டி இருட்டுக்குள் போயிற்று. அது நின்ற இடத்தில் சின்னக் குழந்தை தெரிந்தது. தலைக்குப் பச்சை, முதுகுக்குப் பச்சை, கைகால்களுக்குப் பச்சை, இதயத்துக்குச் சிவப்பு.

டாக்டரம்மா பெட்டியின் கட்டங்களை அணைத்துவிட்டு வெறும் படத்தைப் பார்த்தார். கருவியைச் சாய்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். முக்கால் மணி நேரம் கழித்து நாச்சிமுத்துவை நாற்காலியில் உட்காரச் சொன்னார். இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்களும் ஒன்று இருக்கவேண்டிய இடத்தில் மற்றொன்றாக இடம் மாறி இருக்கின்றன, வயிற்றுக்குள் இருக்கும்வரை குழந்தைக்கு எதுவும் ஆகாது, வெளியே வந்த சில மணி நேரத்தில் நீலமாகிவிடும், பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவம் வைத்து உடனே மருந்து கொடுத்து ஒரு வாரத்தில் அறுவை சிகிச்சை செய்தால் பிழைக்க நல்ல வாய்ப்பிருக்கிறது என்றார்.

"நீங்க பாத்ததுங்களா, பெட்டி பாத்ததுங்களா?" என்று நாச்சிமுத்து கேட்டான்.

"ரெண்டு பேரும்."

நீலம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவன் தன் தோளைத் தொட்டுக்கொண்டதை எல்லோரும் பார்த்தார்கள். அவனுடைய அக்கா வீட்டுக்கு வந்து, இன்னும் நாள் இருக்கிறது, நான் பட்ட பாட்டை நீயும் படாதே என்று கையைப் பிடித்து அழுதாள். சொந்தக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து அதையே சொன்னார்கள். அவன் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னான்: "சொல்லிட்டேனுங்க. போடமாட்டேன்." கோயம்புத்தூர் இதய மருத்துவரிடம் இந்தத் தடவையும் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. அவர்கள் காத்திருந்தார்கள். அவரும் பார்த்துவிட்டு அதையே சொன்னார். பிரசவம் அங்கேயே நடந்தது. பெண் குழந்தை. பிறந்த இரண்டாம் மணி நேரம் உதடு நீலமாகியது, மருந்து ஏற்றினார்கள், எட்டாம் நாள் மார்பைத் திறந்து குழாய்களை வெட்டி இடம் மாற்றித் தைத்தார்கள். இருபத்தாறாம் நாள் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்டுவரை நாச்சிமுத்து அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான், ஆட்டோக்காரர்கள் கூப்பிட்டும் ஏறவில்லை.

கருங்கல்மேடு அந்தக் குழந்தையைக் கொண்டாடியது. தறி முதலாளிகள் வந்து பார்த்தார்கள், டாக்டரம்மா அவளைக் கையில் வாங்கி வெறும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டார், கம்பெனியிலிருந்து வாழ்த்து வந்தது. பெட்டி சரியாகச் சொன்ன கதையைக் கேட்டுத் தூரத்து ஊர்ப் பெண்களும் வர ஆரம்பித்ததால் ஸ்கேன் சென்டரில் இன்னும் ஒரு வரிசை நாற்காலி போட்டார்கள்.

தங்கம் அதன் பிறகு வரவில்லை. இருட்டுக்குள் போனது போனதுதான். கோயம்புத்தூரில் இருந்தபோதே கோகிலாமணிக்கு அது தெரியும், அங்கே எத்தனையோ முறை ஸ்கேன் எடுத்தும் யாரும் யாரையும் மறைக்கவில்லை. அமுதவல்லி டீச்சர் பதிவேட்டோடு வந்தாள். பிறக்காத குழந்தைக்கு இறப்பு என்று எழுத முடியாது, எழுதாமல் விட்டால் மேலே கேட்பார்கள் என்று கொஞ்சம் யோசித்து, குடிபெயர்ந்தது என்று எழுதிக்கொண்டாள். எந்த ஊருக்கு என்ற கட்டத்தை என்ன செய்வது என்று கேட்டாள். கோகிலாமணி தெரியவில்லை என்றாள். சின்னவளின் பெயரை அடுத்த வரியில் ஏற்றிவிட்டு டீச்சர் போனாள்.

நாச்சிமுத்து சின்னவளைத் தரையில் விடாமல் வைத்திருந்தான். ஒரு நாள் மத்தியானம் அவன் அவளைத் தோளில் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தபோது கோகிலாமணி கேட்டாள்.

"அது உங்களை எப்புடிப் பாத்துச்சுங்க?"

"யாரு?"

"தங்கம். திரும்பிப் பாத்துச்சுல்ல."

அவன் தட்டுவதை நிறுத்தினான். "கோவமாப் பாக்கல" என்றான்.

"நாலு வருசம், ஒரு செவ்வாக்கெழம விடாமப் போனேன்" என்றாள் கோகிலாமணி. "பல்லு முளச்சதப் பாத்தேன், நடந்ததப் பாத்தேன். மூணு வாரம் கெஞ்சினேன், அழுதேன், அது எனக்கு மாட்டேன்னு தலைய ஆட்டிருச்சு. நீங்க ஒரே ஒரு தடவ வந்து, தள்ளிக்கன்னு சொன்னீங்க. அது போயிருச்சு."

"இதக் காப்பாத்தத்தான கோகிலா."

"ஆமாங்க. இதக் காப்பாத்தத்தான்."

அவன் குழந்தையை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள், வாங்கி, மார்பின் தழும்பு உறுத்தாதபடி சாய்த்துப் படுக்கவைத்துப் பால் கொடுத்தாள். அவன்மேல் கோபம் இல்லை என்று அவள் பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறாள், அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அன்றிலிருந்து அவன் பேசி முடிக்கும்வரை அவள் வாயைத் திறப்பதில்லை, அவன் பேசி முடித்த பிறகும் திறப்பதில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் அவள் சின்னவளை அக்கம்பக்கத்தில் விட்டுவிட்டு ஸ்கேன் சென்டருக்குப் போய்ப் படுத்தாள். டாக்டரம்மா ஒன்றும் கேட்காமல் கருவியை வைத்தார், வயிறு முழுக்க, ஓரம் ஓரமாக, விசிறி எவ்வளவு தூரம் விரியுமோ அவ்வளவு தூரம் விரித்துத் தேடினார். ஏழு வாரம் தேடினார். பெட்டி ஒவ்வொரு வாரமும் கருப்பைக்குப் பச்சைக் கட்டம் போட்டு, இயல்பு, காலி என்று எழுதியது. எட்டாவது வாரம் கோகிலாமணி நாற்காலியில் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு புதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். வெளியூர்க்காரி, வயிறு இப்போதுதான் தெரிய ஆரம்பித்திருந்தது, இரண்டு கைகளாலும் தண்ணீர் பாட்டிலை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"உங்களுக்கு எத்தன மாசமுங்க்கா?" என்று அவள் கேட்டாள்.

கோகிலாமணி மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். "அஞ்சேகால் வருசம்" என்றாள்.

அந்தப் பெண் சரியாகக் காதில் விழாததுபோல் சிரித்தாள். உள்ளேயிருந்து ரெஜினா கோகிலாமணியின் பெயரைக் கூப்பிட்டாள். கோகிலாமணி எழுந்தாள், அந்தப் பெண்ணின் கையிலிருந்த பாட்டிலை வாங்கி நாற்காலியில் வைத்தாள், அவளைக் கதவுவரை கூட்டிப்போய், "எனக்குப் பதிலா இவங்களப் பாத்துருங்க" என்று ரெஜினாவிடம் சொல்லி உள்ளே அனுப்பினாள். கதவு மூடிக்கொண்டது. அவள் வெளியே வந்து, தறிச்சத்தத்துக்கு நடுவே, பால் குடிக்கும் நேரமாகிவிட்ட குழந்தையிடம் நடந்து போனாள்.